சீட்டில் இல்லாத கட்டம்



உங்கள் வீட்டில் ட்ரம்ப் கார்டு கட்டு இருக்கிறதா? கிரிக்கெட் வீரர்கள், மல்யுத்த வீரர்கள், கார்கள் என்று விதவிதமாக வருமே, அதேதான். கோடை விடுமுறைக்கு வந்த என் பேரன் ஒரு கார் கட்டு கொண்டு வந்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் ஆட்டம் தொடங்கும். என் கைக்கு போர்ஷே 959 வந்தது. அவன் கையில் ஃபெராரி எஃப் 40.

"வேகம், 324 கிலோமீட்டர்!" என்றான். என் சீட்டில் 317. சீட்டு போச்சு!

மறுநாளும் அதே இரண்டு சீட்டுகள் மோதின. "குதிரைத்திறன், 478!" என்னிடம் 450. மறுபடியும் போச்சு.

"தாத்தா, உங்க கார் டப்பா கார்!" என்று சிரித்தான்.

34 வருடம் சாக்பீஸ் பிடித்தவனைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா? ரோஷம் வந்துவிட்டது. அந்த இரண்டு கார்களையும் பற்றித் தேடிப் படித்தேன். படித்த பிறகு சொல்கிறேன்... இரண்டில் நல்ல கார் 959-தான். சீட்டில் போட்டிருக்கும் எண்கள் தப்பில்லை. ஆனால், அந்தச் சீட்டு கேட்கும் கேள்விகள் போதாது.

இரண்டுமே 1980களின் கார்கள். ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1983-ல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் 959-ன் மாதிரியைக் காட்டியது. ஆனால், அதில் புதுமைகள் அத்தனை இருந்ததால் வேலை இழுத்துக்கொண்டே போய், வாங்கியவர்கள் கைக்கு 1987-ல்தான் போய்ச் சேர்ந்தது. அதே 1987-ல்தான் இத்தாலியின் ஃபெராரி நிறுவனம், தான் கார் செய்யத் தொடங்கி 40 ஆண்டுகள் ஆனதைக் கொண்டாட எஃப் 40-ஐ வெளியிட்டது. நிறுவனத்தைத் தொடங்கிய என்சோ ஃபெராரிக்கு அப்போது 89 வயது. அவர் பார்த்துச் சம்மதம் சொன்ன கடைசி கார் அது. மறு ஆண்டு அவர் காலமானார்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நோட்டை எடுங்கள்!

எஃப் 40, எண்ணெய், தண்ணீர் எதுவும் ஊற்றாமல் சுமார் 1,100 கிலோ. 1,100-ஐ 478-ஆல் வகுத்தால் ஒரு குதிரைக்கு 2.3 கிலோ சுமை. 959 சுமார் 1,450 கிலோ. 450-ஆல் வகுத்தால் ஒரு குதிரைக்கு 3.2 கிலோ. அப்படியானால் நின்ற இடத்திலிருந்து யார் முந்துவார்கள்? எஃப் 40 என்றுதானே சொல்வீர்கள்? என் பேரனும் அப்படித்தான் சொன்னான்.

அதுதான் இல்லை! மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எஃப் 40-க்கு 4 நொடிக்குச் சற்று மேல் ஆகும். 959-க்கு 4 நொடிகூட ஆகாது. கனமான கார், குறைந்த குதிரைத்திறன், ஆனாலும் முதலில் போய்விடுகிறது. எப்படி?

கார் எப்படி நகர்கிறது என்று யோசியுங்கள். டயர் சாலையைப் பின்னால் தள்ளுகிறது. சாலை காரை முன்னால் தள்ளுகிறது. நடுவில் இருப்பது உராய்வு. எஃப் 40-ல் எஞ்சினின் பலம் முழுவதும் பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும் போகிறது. அளவுக்கு மீறி மிதித்தால் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும், புகைதான் வரும். 959-ல் அந்தப் பலம் நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து போகிறது. முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று ஒரு கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சிறு நெம்புகோலும் உண்டு. காய்ந்த சாலை, ஈரச் சாலை, பனி என்று ஓட்டுபவர் அதில் சொல்லிவிடலாம். 1987-ல் இது பெரிய விஷயம், செல்வங்களே!

ஈரம் என்றதும் ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. ஒரு வருடம் எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் அஞ்சலோட்டத்துக்கு ஆள் பொறுக்கியவன் நான்தான். ஸ்டாப் வாட்ச் வைத்து 100 மீட்டர் ஓடவிட்டு, முதலில் வந்த பையனைக் கடைசிச் சுற்றுக்குப் போட்டேன். விழாவன்று காலையில் தூறல். மைதானம் சேறாகிவிட்டது. வளைவில் அவன் சறுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டான். அவனைவிட அரை நொடி பின்தங்கிய இன்னொரு பையன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தினமும் வயல் வரப்பில் நடந்து பள்ளிக்கு வருகிறவன், ஈரத்தில் கால் ஊன்றத் தெரிந்தவன். "நான் ஓடியிருப்பேன் சார்" என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

சரி, காருக்கு வருவோம். 1986-ல் பாரிஸிலிருந்து சகாரா பாலைவனம் வழியாக டக்கார் வரை நடந்த போட்டியில் மூன்று 959 கார்கள் கலந்துகொண்டன. முதல், இரண்டாம், ஆறாம் இடங்களில் வந்தன. மணலும் கல்லும் தாண்டி மூன்றுமே போய்ச் சேர்ந்தன என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. எஃப் 40-ஐ அங்கே விட்டிருந்தால்? முதல் மணல் மேட்டிலேயே வயிறு தட்டி நின்றிருக்கும்!

எஃப் 40-க்குள் உட்கார்ந்தால் கீழே விரிப்பு கிடையாது, ரேடியோ கிடையாது. கதவை உள்ளிருந்து திறக்கக் கைப்பிடிகூட இல்லை, ஒரு கம்பிக் கயிற்றை இழுக்க வேண்டும். எடையைக் குறைக்க அப்படிச் செய்தார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பவும் பிரேக்கை அழுத்தவும் இயந்திர உதவி இல்லை, எல்லாம் உங்கள் கை கால் பலம்தான். ஏ.சி. மட்டும் வைத்தார்கள், முதுகுக்குப் பின்னாலேயே எஞ்சின் இருக்கிறதே! 959-லோ தோல் இருக்கை, ஏ.சி., பின்னால் சின்னதாக இரண்டு இருக்கைகள், மேடு பள்ளத்துக்கு ஏற்பக் காரின் உயரத்தை ஏற்றி இறக்கும் வசதி, டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி எல்லாம் உண்டு. அந்தக் கருவி இன்று சாதாரணக் கார்களிலேயே வருகிறது.

959-லும் குறை இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஒரு புது மாடல் காரை ஓட்ட வேண்டுமானால், அதே மாடலில் சில கார்களை மோதி உடைத்துப் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும். மொத்தமே சுமார் 300 கார்கள் செய்த போர்ஷே, அதற்கென்று கார்களை உடைக்கத் தரவில்லை. விளைவு? மைக்ரோசாஃப்ட் பில் கேட்ஸ் ஆசையாக வாங்கிய 959, ஓட்ட அனுமதி இல்லாமல் பல ஆண்டுகள் சுங்கத் துறையின் பிடியிலேயே கிடந்தது. 1990களின் கடைசியில் விதி தளர்ந்த பிறகுதான் அப்படிப்பட்ட கார்களுக்கு வழி பிறந்தது. நகர முடியாத காரின் வேகம் பூஜ்யம்தானே!

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் கண் எஃப் 40 பக்கம்தான் போகிறது. அந்தச் சிவப்பும், பின்னால் நிற்கும் இறக்கையும்... சுவரில் ஒட்டுவதென்றால் அதைத்தான் ஒட்டுவேன். ஆனால், மழை நாளில் உங்களையும் உங்கள் தம்பியையும் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர வேண்டுமென்றால் 959 சாவியைத்தான் எடுப்பேன். (நான் ஓட்டியதெல்லாம் ஒரு மொபெட்தான். மழையில் அதையும் உருட்டிக்கொண்டுதான் வருவேன், அது வேறு கதை!)

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு பால்பாயின்ட் பேனாவை எடுத்து, எல்லாச் சீட்டிலும் அடியில் 'மழை' என்று ஒரு புதுக் கட்டம் போட்டான். எத்தனை சக்கரத்துக்கு எஞ்சின் பலம் போகிறதோ, அதுதான் மதிப்பெண்ணாம். 959-க்கு 4, எஃப் 40-க்கு 2.

அடுத்த ஆட்டத்தில் சீட்டைக் குலுக்கிப் போட்டான். 959 அவன் கைக்குப் போய்விட்டது.

"மழை, 4!" என்றான். என் கையில் இருந்தது எஃப் 40.