விற்காதவரைக் கேளுங்கள்!

கத்தரிக்காய் வாங்கப் போனால் காம்பைத் திருப்பிப் பார்க்கிறோம். புடவை வாங்கப் போனால் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறோம். பத்துப் பதினைந்து வருஷம் பணம் கட்ட வேண்டிய இன்ஷூரன்ஸ் பாலிஸியை மட்டும், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிவிடுகிறோம். காரணம் தெரிந்ததுதான். பாரத்தைக் கொண்டு வருகிறவர் அநேகமாக உறவுக்காரர்; இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர். “அக்கா, உங்களுக்குக் கெடுதல் செய்வேனா?” என்று கேட்டுவிட்டால், அப்புறம் நாம் என்ன கேட்பது?

அவர் கெடுதல் செய்யமாட்டார் என்றே வைத்துக் கொள்வோம். ஆனாலும் விற்றால்தானே அவருக்குக் கமிஷன்? ஆகவே, விற்காத ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். அப்படி ஒருவர் இருக்கிறார். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை மேற்பார்வை செய்வதற்காக 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட ஆணையம் அது. ஹைதராபாத்தில் இருக்கிறது. பாலிஸி வாங்குவோருக்கென்றே ‘பாலிஸிஹோல்டர் டாட் கவ் டாட் இன்’ என்று ஓர் இணையதளத்தை அது நடத்துகிறது. எந்த இன்ஷூரன்ஸ் எதற்கு, வாங்குமுன் என்ன கேட்க வேண்டும், பணம் வராவிட்டால் யாரிடம் போக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. படக்கதைகள்கூட உண்டு! வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம் கைபேசியைக் கொடுத்தால் படித்துச் சொல்லிவிடுவான்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு வாசகர்களுக்கு இந்த விஷயத்தில் தனி அக்கறை இருக்க வேண்டும். தோல் தொழிலில் ஆபத்து சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி உடைந்தது. பக்கத்தில் படுத்துறங்கிய 10 தொழிலாளர்கள் மாண்டு போனார்கள்.

முதலில், புதிதாக வாங்குமுன் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஷூ கம்பெனிக்குப் போகிறவரின் சம்பளச் சீட்டில் ‘இ.எஸ்.ஐ.’ என்று ஒரு பிடித்தம் இருக்கும். அதுவும் இன்ஷூரன்ஸ்தான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு உரியது. 12,000 ரூபாய் வாங்குகிறவர் கட்டுவது 90 ரூபாய். முதலாளி கட்டுவது 390. இதற்குக் குடும்பத்துக்கே வைத்தியம் உண்டு. வேலையில் விபத்து நேர்ந்து உயிர் போனால் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் உண்டு. ‘பி.எஃப்.’ பிடித்தமும் இருக்கிறதா? வேலையிலிருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை தரும் இன்ஷூரன்ஸும் அதோடு சேர்ந்தே வருகிறது.

வீட்டிலேயே உட்கார்ந்து ஜோடிக்கு இத்தனை என்று ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் பெண்களின் நிலை வேறு. சம்பளச் சீட்டும் இல்லை, பிடித்தமும் இல்லை. இவர்கள் பாங்குக்குப் போய் இரண்டு பாரங்களைக் கேட்க வேண்டும். 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள், வருஷத்துக்கு 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்து இன்ஷூரன்ஸில் சேரலாம். 18 முதல் 50 வரை உள்ளவர்கள், 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் இன்ஷூரன்ஸில் சேரலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், 5 லட்சம் வரையுள்ள முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. வருமானச் சான்றிதழும் குடும்ப அட்டையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போனால் பதிவு செய்யலாம்.

இவ்வளவுக்கும் மேலே பாலிஸி வேண்டுமென்றால், தாராளமாக வாங்குங்கள். ஆனால் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். எத்தனை வருஷம் கட்ட வேண்டும்? நடுவில் நிறுத்தினால் என்ன கிடைக்கும்? எந்தெந்த நோய்க்கு, எத்தனை நாள் கழித்துப் பணம் தருவார்கள்? ஏற்கெனவே சர்க்கரை வியாதியோ ரத்தக் கொதிப்போ இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்து எழுதிய பாரம் ஆஸ்பத்திரியில் காலை வாரிவிடும்.

கையெழுத்துப் போட்டாயிற்றே என்று கலங்குகிறீர்களா? ஆயுள், மருத்துவ பாலிஸிகளில், பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு. படித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிறு செலவுகள் போக மீதிப் பணம் வந்து சேரும்.

கம்பெனி பணம் தர மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால், சென்னையில் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். 50 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்கை அவர் விசாரிப்பார். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். ஆணையத்துக்கு 155255 என்ற எண்ணில் போன் செய்தும் புகார் சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை. “ஆணையத்திலிருந்து பேசுகிறோம், உங்களுக்கு போனஸ் வந்திருக்கிறது, புதுப் பாலிஸி எடுங்கள்” என்று யாராவது போன் செய்தால், உடனே வைத்துவிடுங்கள். ஆணையம் பாலிஸி விற்பதுமில்லை, போனஸ் கொடுப்பதுமில்லை.

கடைசியாக ஒன்று. பாங்குக்காரர் 436 ரூபாயைப் பிடித்திருப்பார். புருஷனுக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியாது. கேட்க ஆளில்லாத பணம் கேட்காமலே கிடக்கும். பெட்டிக்குள் பூட்டி வைத்த பாலிஸி, வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டால் இல்லாததற்குச் சமம். இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் பாஸ் புத்தகத்தையும் சம்பளச் சீட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்களேன்!