விசைப்படகின் டீசல் கணக்கும் கடல் நீரோட்டமும்

விசைப்படகின் இயந்திரம் நிமிடத்திற்கு எத்தனை சுற்றுச் சுழல்கிறது, மணிக்கு எத்தனை லிட்டர் டீசல் கொள்கிறது என்பவற்றை அளவுமானிகள் காட்டுகின்றன. படகின் வேகத்தை ஜி.பி.எஸ். கருவி காட்டுகிறது. இவ்விரண்டையும் ஒரே வடத்தில் இணைத்து, ஒரு கடல் மைலுக்கு, அதாவது 1,852 மீட்டருக்கு, எத்தனை லிட்டர் செலவாகிறது என்பதைத் திரையில் காணும் வசதி இன்று உண்டு. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அந்த ஓர் எண்ணைக் கொண்டு இயந்திரத்தின் நலத்தைத் தீர்மானிப்பது பெரும் பிழையாகும்.

ஜி.பி.எஸ். காட்டுவது தரையை ஒட்டிய வேகம். இயந்திரம் உழைப்பதோ நீரை எதிர்த்து. அந்நீரும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு படகு 1,800 சுற்றில் மணிக்கு 15 லிட்டர் டீசல் கொண்டு, நீரில் 7.5 நாட் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். நீரோட்டம் 1 நாட் எனின், அதனுடன் செல்கையில் திரை 8.5 நாட் காட்டும். செலவு மைலுக்கு ஏறத்தாழ 1.76 லிட்டர். எதிர்த்துச் செல்கையில் 6.5 நாட், செலவு 2.31 லிட்டர். இயந்திரத்தில் மாற்றம் எதுவுமில்லை.

இந்தியாவின் கிழக்குக் கரையில் இது ஏட்டுக் கணக்கன்று. அங்குக் கரையோர நீரோட்டம் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை வடக்கு நோக்கியும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கியும் ஓடுகிறது. விசாகப்பட்டினத்திலிருந்து மார்ச்சில் வடக்கே ஓட்டிப் பார்த்த படகு சிக்கனமானதாகத் தோன்றும். அதே படகு நவம்பரில் அதே திசையில் டீசலை விழுங்குவதாகத் தோன்றும். உரிமையாளர் இன்ஜெக்டர்களைக் கழற்றச் சொல்வார். பழுது பார்த்தவர் மீது பழி விழும். பணமும் கடலுக்குச் செல்லும் நாட்களும் வீணாவதே மிச்சம்.

பரிகாரம் எளிது. அதே சுமை, அதே சுற்று. ஒரு மைல் போக்கு, உடனே அதே வழியில் ஒரு மைல் வரவு. இரு வேகங்களின் சராசரியே படகின் வேகம். காலந்தாழ்த்தினால் ஓதம் மாறிவிடும் என்பதை மறத்தலாகாது. மாதந்தோறும் குறித்துவரும் இச்சராசரி குறையுமாயின், படகின் அடியில் கொட்டலசும் பாசியும் படிந்துள்ளனவா, உந்துவிசிறி வளைந்துள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். இயந்திரத்தைப் பிரிப்பது அதன் பின்னரே. நீரில் செல்லும் வேகத்தையே அளக்கும் சிறு சக்கர உணரியையும் வடத்தில் சேர்க்கலாம். ஆனால் கொட்டலசு அதையும் விட்டுவைப்பதில்லை.

இணைப்பிலும் எச்சரிக்கை வேண்டும். என்.எம்.இ.ஏ. 2000 என்னும் முறையில் முதன்மை வடத்தின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை இருத்தல் வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்திக் கம்பிகள் இரண்டிற்குமிடையே அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் காட்டும். 120 காட்டினால் ஒரு முனையில் தடை இல்லை என்று பொருள். மின்னணுக் கட்டுப்பாடுள்ள இயந்திரங்கள் பல ஜே1939 என்னும் மொழியில் பேசுவன. மின்னமைப்பில் இரண்டும் உறவினவே; எனினும் இடையில் ஒரு மாற்றி இன்றி முழுச் செய்தியும் விளங்காது. பழைய டீசல் இயந்திரத்திலோ, தொட்டிக்குத் திரும்பும் டீசலையும் தனியே அளந்து கழிக்க வேண்டும். வரும் குழாயில் மட்டும் மானி வைத்துவிட்டுச் செலவு மிகுதி என்று முறையிடுவோர் உளர்.

இவ்வளவும் சரியாக அமைந்தபின் திரை உண்மையான ஓர் உதவியைச் செய்யும். இத்தகைய படகுகளுக்கு வேண்டிய திறன், தோராயமாக வேகத்தின் முப்படியாக உயர்கிறது. 8 நாட்டிலிருந்து 7.2 நாட்டிற்கு இறங்கினால் திறன் கால் பங்குக்கு மேல் குறையும். மைலுக்கான டீசல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். களப்பணியாளர் இதனைச் சொல்லால் விளக்குவதினும், படகோட்டியைத் திரையின் முன் நிறுத்தி, விசைப்பிடியைச் சிறிது தளர்த்தச் செய்து காட்டுவது நன்று. பள்ளி ஆசிரியருக்கும் திசைவேகக் கூட்டலைக் கற்பிக்க, ஆறும் தோணியும் பற்றிய பழைய கணக்கினும் இது ஏற்றது. கரையோர மாணவர் பலரின் வீட்டுச் செலவே அதில் அடங்கியிருக்கிறது.