உப்புத்தண்ணியும் உப்புத்தாளும்

கார் வாங்குவதற்கு முன்னால் காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதில் ஜன்னல் சீட் நிச்சயம்.

வத்தலக்குண்டு பஸ்ஸில் பதினோரு வருஷம், படிக்கட்டுக்கும் கண்டக்டருக்கும் நடுவில் நின்றபடி ஆபீஸ் போய் வந்தவன் நான். கடைசியில் ஒரு செகண்ட் ஹாண்ட் கார் வாங்கிவிட்டேன். அடர் நீல நிறம். எங்கள் பரம்பரையிலேயே முதல் கார். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அப்பா அதை மூன்று முறை பிரதட்சணம் செய்தார். அப்புறம் விரல் முட்டியால் பானெட்டை 'டொக் டொக்' என்று தட்டிப் பார்த்துவிட்டு, "தகரம் மெல்லிசா இருக்கேடா" என்றார்.

அவர் அப்படிச் சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அப்பா நாற்பது வருஷம் பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவர். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே திண்டுக்கல் பூட்டு. உலோகம் எதைப் பார்த்தாலும் அதன் கனத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு வாசலில் 'சர்... சர்...' என்று சத்தம். எட்டிப் பார்த்தால், அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து வைத்துக்கொண்டு, அப்பா காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நம் பக்கத்துச் செம்மண் புழுதிதான் உங்களுக்குத் தெரியுமே. ராத்திரி ஒரு காற்று அடித்தால் போதும், காலையில் நீலக் கார் காவி கட்டியிருக்கும். அதை ஒரு பொட்டு விடாமல், உலர்ந்த துணியால், வட்டம் வட்டமாக, தினமும் துடைத்தார். ஒருநாள்கூட லீவ் போடவில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆறு மாசம் கழித்து, ஆபீஸ் வாசலில், உச்சி வெயிலில், உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் என் காருக்குப் பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"என்ன சார், பாத்திரம் தேய்க்கிற நாரால காரைத் தேய்க்கிறீங்களா?"

நானும் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். பகீரென்றது. சூரியன் எங்கே பட்டதோ, அதைச் சுற்றி ஆயிரம் மெல்லிய கோடுகள். சிலந்தி வலை மாதிரி. கூடவே, கூரை முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டப் பொட்டுகள், அம்மை போட்ட மாதிரி.

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கத்தினேன். "எல்லாம் உங்களாலதாம்ப்பா! யார் உங்களைத் தொடைக்கச் சொன்னது?"

அப்பா ஒன்றும் பேசவில்லை. சேலைத்துணியை நாலாக மடித்தார். ஜன்னல் கம்பியில் போட்டார். உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ஐந்தரை மணிக்குச் சத்தம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கார் காவி கட்டிக்கொண்டு நின்றது. நல்ல சம்பளம் வாங்குகிற மகன், சொந்தக் காருக்காக எழுபது வயது மனிதரின் காலை வேலையைப் பிடுங்கிக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்கலாம்தான். நம் வீடுகளில் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்பதற்கு இன்னும் வார்த்தை கண்டுபிடிக்கவில்லையே!

மூன்றாம் நாள், பழனி ரோட்டில் ஒரு பெயிண்டரிடம் காரைக் காட்டினேன். டிங்கரிங், பெயிண்டிங் இரண்டிலும் கைதேர்ந்தவர். பீடியைத் தூரப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்.

"இந்தக் கோடு தொடைச்சதுல வந்தது சார். வெள்ளைப் பொட்டு தண்ணியில வந்தது. யாரு கழுவுறா?"

"ஞாயித்துக்கிழமை நான்தான்."

"எப்ப?"

"பன்னெண்டு மணிக்கு."

"எதுல?"

"போர் தண்ணி. கொஞ்சம் துணி சோப்புப் பவுடர்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதை எழுத்தில் கொண்டுவர முடியாது.

அவர் சொன்னதையும், பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். கார் வைத்திருப்பவர்களும், வாங்கப்போகிற மாப்பிள்ளைமார்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதைய காரில் தகரத்துக்கு மேல் நாலு பூச்சு. துருப் பிடிக்காமல் இருக்க ஒன்று, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி மாதிரி நிறமில்லாத ஒரு பூச்சு. இதை கிளியர் கோட் என்கிறார்கள். நாலும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். கிளியர் கோட் மட்டும் சுமார் 40 மைக்ரான். நம் தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய பாதி! பளபளப்பு, வெயிலைத் தாங்கும் சக்தி எல்லாம் அந்தப் பாதி முடியில்தான் இருக்கிறது.

அம்பாசடர் காலத்துக் கதையே வேறு. (அதன் உற்பத்தி 2014-ல் நின்றுபோனது.) அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலும் நிறமே மேல்பூச்சு. வெயிலில் வெளுத்தால் பாலிஷ் போட்டு அழுத்தித் தேய்ப்பார்கள். துணியில் கார் நிறம் ஒட்டும். வெளுத்த தோல் உரிந்து, அடியில் புதுசு தெரியும். 'தேய்க்கத் தேய்க்கத்தான் மினுக்கும்' என்று நம் சித்தப்பாக்கள் சொன்னது அந்தக் காருக்கு. அதே உபசாரத்தை இந்தக் காருக்குச் செய்தால், அந்தப் பாதி முடியும் போய்விடும்.

செம்மண் புழுதி பவுடர் மாதிரித்தான் தெரியும். ஆனால் அதற்குள் இருக்கிற மணல்துகள் கண்ணாடியையே கீறும். அதை உலர்ந்த துணியால் துடைத்தால் துணி துணியாக இருக்காது. உப்புத்தாள் ஆகிவிடும்.

அப்பா செய்தது அது. நான் செய்தது? துணி சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கப் பிறந்தது. காரின் மேல் கொஞ்சநஞ்சம் மெழுகு இருந்தால் அதையும் பிசுக்கு என்று நினைத்து எடுத்துவிடும். மத்தியானம் பானெட்டில் ஊற்றுகிற தண்ணீர் துடைப்பதற்குள் காய்ந்துவிடும். தண்ணீர் போகும், அதிலிருக்கிற சுண்ணாம்பு போகாது. நம்ம ஊர் உப்புத்தண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? டீ போட்ட பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். அதுதான் என் கார் கூரையில் இருந்தது. ஆக, அப்பா போட்டது கோடு. நான் போட்டது பொட்டு.

"கம்பவுண்ட் போட்டுத் தேய்ச்சுரவா சார்? புதுசு மாதிரி ஆயிரும்" என்றார் பெயிண்டர். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "கார்ல கம்பவுண்ட் பாலிஷ் போடலாம்ங்கிறாங்கப்பா" என்றேன். மூன்று நாளில் அப்பாவோடு நான் பேசிய முதல் வாக்கியம்.

அப்பா ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சொன்னார். "பாலிஷுன்னா பூசறதுன்னு நெனச்சியா? ராவறதுடா அது. எமரி பெரிய அரம். பாலிஷ் பொடி சின்ன அரம். அம்புட்டுத்தேன். கோடு எம்புட்டு ஆழமோ அம்புட்டுக்குச் சுத்தி இருக்கறதையும் ராவி எறக்குனா, கோடு தெரியாது. பித்தளைப் பூட்டுல கனம் கெடக்கு, ராவலாம். ஒன் காருல எம்புட்டு கனம் இருக்கு?"

"பாதி முடி கனம்ப்பா."

அப்பா கையை நிறுத்தினார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப நானு ஆறு மாசமா ராவியிருக்கேன்."

"நானும்தாம்ப்பா. ஞாயித்துக்கிழமை ராவுனது நான்" என்றேன்.

"பட்டறையில, நைஸ் வேலைக்கு வெச்சிருக்கற துணி கீழ விழுந்துச்சுன்னா மறுபடி தொட மாட்டோம். எமரித் தூள் ஒட்டியிருக்கும். இது தெரிஞ்சும் செஞ்சிருக்கேன் பாரு" என்று சொல்லிவிட்டு, "மோர் இருக்கா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் சமாதான ஒப்பந்தம் இப்படித்தான் கையெழுத்தாகும்.

கம்பவுண்ட் வேண்டாம் என்று முடிவானது. லேசான கோடுகளோடு வாழ்ந்துகொள்ளலாம், இனிமேல் போடாமல் இருந்தால் போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் முறை மாறியது.

காலை ஆறரைக்குள் ஆரம்பம். பானெட்டைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து ஊற்றிப் புழுதியை ஊறவைத்து இறக்குவது. துணியே கூடாது. அப்புறம் இரண்டு பக்கெட். ஒன்றில் கார் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஷாம்பூவில் துணியை நனைத்து ஒரு பகுதியைத் துடை, வெறும் தண்ணீரில் துணியை அலசு, பிழி, மறுபடி ஷாம்பூவுக்குப் போ. மணல் எல்லாம் இரண்டாவது பக்கெட்டின் அடியில் தங்கிவிடும். முதல் நாள் கழுவி முடித்ததும் அந்தப் பக்கெட்டின் அடியைப் பார்த்தேன். அத்தனையும் இதுவரை என் காரின் மேல் உருண்டது!

கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். வட்டம் போடாமல் நேர்கோட்டில் துடைக்க வேண்டும். சக்கரத்துக்குத் தனித் துணி, கடைசியில். கீழே விழுந்த துணிக்கு ஓய்வு. அது பட்டறைச் சட்டம். ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டால் பத்து நிமிஷத்தில் நூறு லிட்டருக்கு மேல் சாக்கடைக்குப் போகும். இந்த முறையில் மூணு பக்கெட்டில் வேலை முடிகிறது.

கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி வேண்டும். ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீர் குழாயில் வந்ததும் குடம் குடமாகப் பிடித்து வைத்திருந்தாள் மனைவி. அதில் கை வைத்தேன்.

"என்னங்க, அந்தக் குடத்தைத் தூக்குனீங்க, நாளையிலேருந்து காருக்குள்ளயே சமைச்சுச் சாப்பிட்டுக்குங்க."

நியாயம்தான். திண்டுக்கல்லில் நல்ல தண்ணியில் கார் கழுவுகிறவனுக்கு நரகத்தில் தனி வார்டு உண்டு.

வழி கண்டுபிடித்தது அப்பா. படுக்கையறை ஏ.சி.யின் குழாய் வெளியே சொட்டிக்கொண்டே இருக்கும் அல்லவா? அது காற்றிலிருக்கிற ஈரம் குளிர்ந்து சொட்டுவது. பூமிக்குள் போய் வராததால் அதில் சுண்ணாம்பு கிடையாது. குடிக்கத்தான் கூடாது. அப்பா அதன் கீழே ஒரு பக்கெட்டை வைத்தார். வாரம் முழுக்கச் சேர்கிற தண்ணீர் ஞாயிற்றுக்கிழமை காரின் தீர்த்தவாரிக்கு ஆகிறது. அதையும் காயவிடாமல், மைக்ரோ ஃபைபர் துணியை விரித்து ஒற்றி எடுத்துவிட வேண்டும். பழைய வெள்ளைப் பொட்டுகளில் புதிதானவை, தண்ணீர் கலந்த வினிகரை நிழலில் ஒற்றி உடனே கழுவியதும் போயின. நாள்பட்டவை போகவில்லை. என் நினைவாக இருக்கட்டும்.

மெழுகு அதற்குப் பிறகு. கடையில் பாலிஷ், வாக்ஸ் இரண்டும் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருக்கும். மாற்றி வாங்கிவிடாதீர்கள். பாலிஷ் எடுக்கும், வாக்ஸ் கொடுக்கும். நல்ல வாக்ஸில் கர்னாபா என்று போட்டிருக்கும். பிரேசிலின் வடகிழக்கில், நம் சீமை மாதிரி காய்ந்த பூமியில் வளர்கிற ஒரு வகைப் பனை. ஓலையிலிருக்கிற ஈரம் வெயிலில் போய்விடாமல் இருக்க அது தானே மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டி, காயவைத்து, அடித்து உதிர்த்து எடுக்கிறார்கள். தேன்மெழுகு 62 டிகிரி வாக்கில் உருகிவிடும். இது உருக 80-ஐத் தாண்ட வேண்டும். சித்திரை வெயிலுக்குச் சரியான ஜோடி.

விரல் நுனியளவு எடுத்து, ஒரு கதவுக்கு ஒரு தடவையாக மெல்லிசாகப் பூசி, பனி படர்ந்த மாதிரி ஆனதும் வேறு துணியால் துடைக்க வேண்டும். இரண்டு மாசத்துக்கு ஒருமுறை போதும். கோட்டை அழிக்காது. தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், அழுக்கு அழுத்திப் பிடிக்காது. டீசல் போட்டுத் துடைத்தால் மினுக்கும் என்று சிலர் சொல்வார்கள். மினுக்கும்தான், அடுத்த புழுதியை ஆசையாக அழைக்கிற வரைக்கும்.

காக்கை எச்சம்தான் பெரிய எதிரி. அதில் அமிலம் உண்டு. வெயிலில் கிடந்தால் கிளியர் கோட்டை அரித்துத் தழும்பாக்கிவிடும். நகத்தால் சுரண்டாதீர்கள். ஈரத்துணியை அதன் மேல் போட்டு அஞ்சு நிமிஷம் ஊறவிட்டு, அப்படியே அள்ளி எடுங்கள்.

அப்பா இப்போதும் காலை ஐந்தரைக்கு எழுந்து காரைச் சுற்றி வருகிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பார்வையால் மட்டும் துடைக்கிறார். அந்தக் கை எப்படித் துடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

நேற்று இருட்டு பிரியும் நேரத்தில் என்னை உலுக்கி எழுப்பினார்.

"டேய், எந்திரி. வேப்பமரத்துக் காக்கா வேலையக் காட்டிருச்சு. ஈரத்துணி போட்டு அஞ்சு நிமிஷம் ஆச்சு. நீ வந்து எடுக்கறியா... இல்ல, நான் எடுக்கட்டுமா?"

"நீங்களே எடுங்கப்பா" என்றேன்.