கொலையுண்டவன் இல்லாத கொலை வழக்கு

லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பற்றி நடுநிலையோடு எழுதப்பட்ட நூல் ஏதேனும் உண்டா என்று நண்பர்கள் அவ்வப்போது கேட்கிறார்கள். தேடிப் படித்தோம். எங்கள் கைக்கு எட்டியவற்றில் பெரும்பாலானவை கொலை வழக்கைப் பற்றியவையே அல்ல, எம்.கே. தியாகராஜ பாகவதரின் வீழ்ச்சிக்குப் பாடப்பட்ட ஒப்பாரிகள்.

வார்ப்பு ஒன்றுதான். 1944இல் வெளிவந்து, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' புகழின் உச்சம். பிறகு 'சினிமா தூது', 'இந்துநேசன்' என்று அவதூறு விற்றுப் பிழைத்த ஒரு கயவன். பிறகு சிறை, பிறகு சரிவு. 1944 நவம்பரில் வேப்பேரியில் ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்த அம்மனிதர் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் மருத்துவமனையில் இறந்தது கதைக்குத் தேவையான ஒரு திருப்பம் மட்டுமே. இலக்கணம்கூடப் பக்கச்சார்பு கொள்கிறது: பாகவதர் 'அவர்', கொலையுண்டவர் 'அவன்'.

லட்சுமிகாந்தனுக்கு வக்காலத்து வாங்குவது எங்கள் நோக்கமல்ல. அவருடைய பத்திரிகை நஞ்சு. ஆனால் அந்த நஞ்சைக் குடிக்க நேர்ந்தவர்களைப் பற்றியாவது, குறிப்பாக அக்கால நடிகைகளைப் பற்றி, இந்நூல்கள் கவலைப்படுகின்றனவா? இல்லை. அவர்கள் பட்ட அவமானம் ஒரு கொலைக்குச் சமாதானம் சொல்வதற்கு மட்டுமே பயன்படுகிறது.

சட்டத்தின் பக்கம் வந்தால் அலட்சியம் இன்னும் கூடுதல். ஜூரி விசாரணையில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டார்கள், ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு தோற்றது. பிரிவி கவுன்சில் அம்முறையீட்டை மீண்டும் கேட்கப் பணித்தபின், 1947இல் இருவரும் விடுதலையானார்கள். குற்றத்தை மெய்ப்பிக்க இருந்த சாட்சியம் போதாது என்பதே விடுதலையின் பொருள். அப்படியானால் குத்தியது யார், குத்தச் சொன்னது யார்? தீர்ப்போடு வழக்கு முடிந்துவிடலாம், நூல் முடியக்கூடாது. நம் நூலாசிரியர்களோ சிறைக்கதவு திறந்ததும் மாலையோடு ஓடிவிடுகிறார்கள். அப்ரூவரின் சாட்சியத்தில் எது நின்றது, எது சரிந்தது என்று நிதானமாக ஆராய ஒரு அத்தியாயம் கிடையாது. நட்சத்திரங்களோடு கூண்டில் நின்ற, சினிமாப் புகழ் இல்லாத மற்றவர்கள் பெயர்ப்பட்டியலாகக்கூடத் தேறுவதில்லை.

வழக்குதான் பாகவதரை அழித்தது என்ற வாதமும் எங்களுக்கு உவப்பாயில்லை. அதே வழக்கு, அதே சிறை. வெளியே வந்த கிருஷ்ணன் 'நல்லதம்பி', 'மணமகள்' என்று மீண்டெழுந்தார்; பாகவதரின் 'ராஜமுக்தி' தோற்றது. இடையில் ரசனை மாறியதா, வசனம் பாட்டைத் தள்ளிவிட்டதா என்று கேட்டால் ஒப்பாரியின் சுருதி கலைந்துவிடும் போலும்.

இரு தரப்புக்கும் சரிபாதிப் பக்கங்கள் ஒதுக்குவதை நடுநிலை என்று நாங்கள் சொல்லவில்லை. முடிவை முன்கூட்டியே வைத்துக்கொண்டு தொடங்காத ஒருவர் எழுதினால் போதும். கேட்கும் நண்பர்களுக்கு இப்போதைக்கு நாங்கள் பரிந்துரைப்பது உயர் நீதிமன்றம், பிரிவி கவுன்சில் ஆகியவற்றின் தீர்ப்புகளைத்தான். வறண்ட நடை, பாட்டு ஒன்றுகூட இல்லை.