முந்தலைத் தாண்டினால் மைலேஜ் எவ்வளவு?

போடியிலிருந்து மூணாறு சாலையில் முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் டேஷ்போர்டில் மைலேஜ் சரியத் தொடங்கும். தேனி பைபாஸில் 18 காட்டிய சொகுசு செடான், சில கொண்டை ஊசி வளைவுகளுக்குள் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடும். முதல்முறை ஏறுபவர் வண்டியில் ஏதோ கோளாறு என்று பதறுவார். வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. ஷோரூமில் சொன்ன எண்ணுக்கு இந்த மலை தெரியாது.

2022-ல் இந்தியாவுக்கு வந்த மெர்சிடிஸ் பென்ஸ் சி220டி டீசல் காருக்கு லிட்டருக்கு 23 கிலோமீட்டர் என்று அறிவிக்கப்பட்டது. நாலு பேரும் பெட்டிகளும் ஏறினால் அதன் எடை ஏறக்குறைய இரண்டு டன். போடியிலிருந்து போடிமெட்டுக்கு சுமார் 27 கிலோமீட்டர். அதற்குள் சுமார் 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். எஞ்சின் டீசலின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைச் சக்கரத்துக்குத் தரும் என்று வைத்தால், இரண்டு டன்னை மேலே தூக்க மட்டும் ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டும். சமதளத்தில் அந்தத் தூரத்துக்கு ஆகும் டீசலையும் சேர்த்தால் கிட்டத்தட்ட மூன்று லிட்டர். ஆக, லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர். இறங்கும்போது கொஞ்சம் மிச்சமாகும்தான். ஆனால் மேலே ஏறிச் சேர்த்த ஆற்றலில் பெரும்பகுதி பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போய்விடும்.

அந்த 23 எங்கிருந்து வந்தது? ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல் காரை நிறுத்தி, 20 நிமிடத்துக்கும் குறைவாக ஓட்டிப் பார்க்கும் சோதனையிலிருந்து. அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். ஏசி ஓடாது, ஏற்றமும் கிடையாது. சித்திரை வெயிலில் ஏசி இல்லாமல் சின்னமனூர் வரை யார் போகிறார்கள்?

காற்றும் இருக்கிறது. ஆனி, ஆடியில் கம்பம் கணவாய் வழியே வீசும் மேல்காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. தேனியிலிருந்து கம்பம் நோக்கி 80-ல் போகும் கார்மீது எதிர்க்காற்று 30-ல் மோதினால், காற்றுத் தடை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். பெட்ரோல் காரானால், 20 சதவீத எத்தனால் கலப்பும் தன் பங்குக்குக் கொஞ்சம் குறைக்கும்.

மலைக்கு அந்தப் பக்கம் திருச்சூரில் ஒரு பெண் இந்த மைலேஜ் வித்தியாசத்தைச் சும்மா விடவில்லை. அவர் வாங்கிய ஃபோர்டு கிளாசிக் டீசல் காருக்குச் சொல்லப்பட்டது லிட்டருக்கு 32 கிலோமீட்டர். நிபுணர் ஓட்டிப் பார்த்தபோது கிடைத்தது 19.6. நுகர்வோர் ஆணையம் 2022-ல் மூன்று லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு பெரிய ஆறுதல். ஆனாலும் கார் வாங்கிய ஒவ்வொருவரும் வருடக்கணக்கில் வழக்கு நடத்த முடியுமா?

ஐரோப்பாவில் வேறு வழி கண்டார்கள். 2021 முதல் புதிய பெட்ரோல், டீசல் கார்களில் எரிபொருள் செலவைப் பதிவுசெய்யும் கருவி கட்டாயம். அந்தப் பதிவுகளைத் திரட்டிய ஐரோப்பிய ஆணையம், பெட்ரோல், டீசல் கார்கள் சோதனை எண்ணைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகக் குடிக்கின்றன என்று 2024-ல் வெளிப்படையாகவே சொன்னது. இங்கும் அது வேண்டும். சமதளம், மலை, ஏசியோடு, ஏசி இல்லாமல் என்று தனித்தனி எண்கள் விலைப்பட்டியலிலேயே இருக்க வேண்டும். அரை கோடிக்கு மேல் கொடுத்து வாங்குபவருக்கும், கடன் வாங்கி டாக்ஸி ஓட்டுபவருக்கும் இது ஒரே உரிமை.

அதுவரை போடி டிரைவர்கள் செய்வதே நம்பகமான சோதனை. பங்க்கில் நாசில் தானாக 'டக்'கென நிற்கும் வரை நிரப்பி, பில்லின் பின்பக்கம் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்கிறார்கள். மூணாறு போய்த் திரும்பி, அதே பங்க்கில் மறுபடி அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுக்கிறார்கள்.