வல்லூறு குரலில் கத்தும் ரெட்டைவால் குருவி

மாட்டு முதுகில் உட்கார்ந்து வரும் ரெட்டைவால் குருவியைத் தெரியாத விவசாயி தருமபுரிப் பக்கம் இருக்க மாட்டார். கரிச்சான் என்றும் சொல்வோம். மாடு மேயும்போது கிளம்புகிற வெட்டுக்கிளியையும் அந்துப்பூச்சியையும் பிடித்துத் தின்னும். (தேனீயையும் விடாது. பெட்டி வைத்திருப்பவர்கள் மன்னிக்கணும்.)

பலருக்குத் தெரியாத இன்னொரு வித்தை அதனிடம் இருக்கிறது. மைனாக்கள் புழு பொறுக்கும் இடத்தில் வல்லூறு மாதிரியே கத்தும். மைனாக்கள் அலறிப் பறந்ததும், விட்டுப்போன இரையை இது எடுத்துக்கொள்ளும். ஆப்பிரிக்காவில் இதன் உறவுக்காரப் பறவை அன்றாட இரையில் 23 சதவீதம் வரை இப்படித் திருடியே சேர்க்கிறது என்று 2014ல் ஆய்வு வந்தது. ஒரு பொய்க்குரலை மற்றவை நம்பாமல் போனால், வேறு குரலுக்கு மாறிவிடுமாம்! எல்லாம் திருட்டு என்றும் சொல்லிவிட முடியாது. இலங்கையின் சிங்கராஜா காட்டில் துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலில் கூப்பிட்டு, அவற்றைத் தன் கூட்டத்தோடு சேர்த்துக்கொள்கிறது.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? மைனா இருந்தால்தான் ஏமாற்ற ஆள் உண்டு. நிஜ வல்லூறு அவ்வப்போது வந்து போனால்தான் மைனா அந்தக் குரலுக்குப் பயப்படும். ஆக, கரிச்சான் மிமிக்ரி செய்கிற காடு என்றால் அங்கே பல பறவைகள் பிழைக்கின்றன என்று அர்த்தம்.

நாம் என்ன செய்கிறோம்? ஏக்கருக்கு 20 பறவைத் தாங்கி நடச் சொல்கிறார்கள், நடுகிறோம், போட்டோ எடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் அதே ஆண்டு கிளுவை வேலியை வெட்டிவிட்டு, கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கிறோம். வரப்போரத்து வேம்பும் போய்விடுகிறது. கோழிக்குஞ்சைத் தூக்குது என்று வல்லூறைக் கல்லால் அடிக்கிறோம். பக்கத்துக் காட்டுத் தக்காளிக்கு மருந்து அடித்தால், மருந்து பட்ட புழுவைத் தின்பதும் இதே குருவிதான். குச்சியில் வந்து உட்காரப் பறவை எங்கிருந்து வரும்?

என் கருத்தில் உயிர்வேலியும் மரமும் முதலில், தாங்கி அப்புறம். கிளுவைப் போத்து வாங்கக் காசு வேண்டியதில்லை, மழைக்கு முன்னால் வெட்டி நட்டால் போதும். கரிச்சான் கூடு கட்டிய மரத்தில் காக்காயை அண்ட விடாது. அதை நம்பியே அதே மரத்தில் புறாவும் கொண்டைக்குருவியும் கூடு கட்டும்.

கேழ்வரகு போட்டவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். கதிர் பால் பிடிக்கும்போது குச்சிகளைப் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தானியம் தின்னும் குருவிகள் அதில் வசதியாக உட்கார்ந்துகொள்ளும்.