வயித்து வலின்னு கையெழுத்துப் போட்டேன்

மழை விட்டு நாலு நாள் ஆகுது. மார்கழிப் பட்டத்துக்கு மல்லாட்டை போடணும், ஆனா நிலம் இன்னும் ஏர் பிடிக்கிற பதத்துக்கு வரல. வேலை இல்லாத நேரத்துலதான் பழசெல்லாம் ஞாபகத்துக்கு வரும். அப்படி வந்த ஒண்ணைத்தான் இன்னைக்கு எழுதறேன். 16 வருஷமா யார்கிட்டயும் சொல்லாதது.

என் தங்கச்சி மக கிராம சுகாதார செவிலியரா இருக்கு. போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தப்ப, ரெண்டு நாள் முன்னாடி மாவட்டத்துல நடந்த ஒரு கூட்டத்தைப் பத்திச் சொல்லிச்சு. பிரசவத்துல ஒரு பொண்ணு இறந்துபோச்சு. அதுக்காக ஆட்சியர் தலைமையில டாக்டருங்க, நர்சுங்க எல்லாம் உட்கார்ந்து பேசியிருக்காங்க. வலி எத்தனை மணிக்கு வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு வீட்டுல எப்ப முடிவு பண்ணாங்க, 108 எவ்வளவு நேரத்துல வந்தது, போய்ச் சேர்ந்த இடத்துல ரத்தம் இருந்ததா, டாக்டர் இருந்தாரா. ஒவ்வொண்ணா கேட்டிருக்காங்க.

"இது யாரையும் தூக்கு மேடையில ஏத்தறதுக்கு இல்ல மாமா. எந்த இடத்துல பிடிச்சிருந்தா அந்த உசுரு நின்னிருக்கும்னு பாக்கறதுக்கு"ன்னு சொல்லிச்சு.

நம்ம மாநிலத்துல இது ரொம்ப வருஷமா நடக்குது. 2001-03 கணக்குப்படி இங்க ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார் இறந்தாங்க. 2018-20-ல அது 54. ஆஸ்பத்திரி கூடுச்சு, ரோடு வந்துச்சு, எல்லாம் சரி. ஆனா ஒரு சாவையும் "தலையெழுத்து"ன்னு விடாம, ஒவ்வொண்ணா உட்கார்ந்து கேட்டாங்க பாருங்க, அதுக்கும் இதுல பங்கு உண்டு.

அந்தப் பொண்ணு பேசிட்டு இருக்கும்போது எனக்கு எங்க அண்ணன் ஞாபகம் வந்துடுச்சு. கூடப் பிறந்தவர் இல்ல, பங்காளி முறை. என் வரப்புக்கு அடுத்த வரப்பு அவரோடது. அவர் தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார்.

அன்னைக்குப் போலீஸ் வந்தாங்க. பிரேத விசாரணைக்கு ஊர்ல அஞ்சு பேரைப் பஞ்சாயத்தாரா கூப்பிட்டாங்க. அதுல நானும் ஒருத்தன். "என்ன காரணம்?"னு கேட்டாங்க. கூட்டத்துல யாரோ "தீராத வயித்து வலிங்க ஐயா"ன்னு சொன்னாங்க. எழுதினாங்க. நான் படிச்சுப் பார்த்துதான் கையெழுத்துப் போட்டேன். அவருக்கு வயித்து வலி கிடையாதுன்னு எனக்குத் தெரியும்.

ஏன் போட்டேன்? வயசுக்கு வந்த பொண்ணு ஒண்ணு அந்த வீட்டுல இருந்தது. ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அண்ணி அலையக் கூடாது. சீக்கிரம் அறுத்துக் கொடுத்துட்டா பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடலாம். எல்லாம் நல்ல எண்ணந்தான். நகரத்துல இருக்கறவங்க பேப்பர்ல "வயிற்று வலியால் விவசாயி தற்கொலை"ன்னு படிச்சிருப்பீங்க. இப்படித்தான் பல இடத்துல அந்த வயித்து வலி பிறக்குது.

உண்மையில நடந்தது வேற. ரெண்டு போர் போட்டு ரெண்டும் தண்ணி இல்லாமப் போச்சு. சொசைட்டியில பழைய பாக்கியைக் காட்டி புதுக் கடன் இல்லன்னுட்டாங்க. உரக்கடையில ஒரு கணக்கு, வட்டிக்கு வாங்கினது ஒரு கணக்கு. ஆனா கடன் மட்டுந்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். அதே வருஷம் அதைவிடக் கூடக் கடன் வச்சிருந்த நாங்க இன்னும் உசுரோட இருக்கோம். அவர் ராத்திரியெல்லாம் தூங்கல. தூக்கம் வரலன்னு ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவை போனார், மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க. குடி அதிகமாச்சு. அப்புறம் டீக்கடைக்கு வர்றதையே நிறுத்திட்டார். கடைசி மாசம் பால் கறக்கிற மாட்டை வித்தார். தரகர்கிட்ட விலை பேசிக் கொடுத்ததே நான்தான். நல்ல விலை வாங்கிக் கொடுத்தோம்னு அன்னைக்கு எனக்கு ஒரு சந்தோஷம் வேற. கறக்கிற மாட்டை எதுக்குண்ணே விக்கிறீங்கன்னு நான் கேக்கல.

எண்ணிப் பாருங்க. சொசைட்டி, உரக்கடை, ஆஸ்பத்திரி, டீக்கடை, என் வீட்டு வாசல். அஞ்சு வாசப்படி ஏறி இறங்கியிருக்கார் மனுஷன். எந்த வாசல்லயும் பிடிச்சு நிறுத்த ஆள் இல்ல. இதுல ஒரு வரி கூட அரசாங்கத்துக் காகிதத்துல கிடையாது. அதுல இருக்கறது வயித்து வலி, கீழ என் கையெழுத்து.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் கணக்கு போடுது. 2022-ல நம்ம மாநிலத்துல மட்டும் 19,834 பேர். ஒரு நாளைக்கு 54 பேர். நாட்டுல மகாராஷ்டிராவுக்கு அடுத்து நாமதான். அந்தக் கணக்குல காரணம்னு ஒரு பட்டியல் இருக்கு. குடும்பப் பிரச்சினை, நோய், கடன், குடின்னு போகும். அது ஸ்டேஷன்ல எழுதினதை வச்சுப் போடற பட்டியல். எங்க அண்ணன் மாதிரி ஆளுங்க "நோய்"க்குள்ள போயிடுவாங்க.

போலீஸைக் குத்தம் சொல்லல. அவங்க பாக்கறது, இதுல யாராவது குத்தம் பண்ணியிருக்காங்களான்னு. கல்யாணம் ஆகி 7 வருஷத்துக்குள்ள ஒரு பொண்ணு இறந்தா கோட்டாட்சியர் விசாரிப்பார். அதுவும் வரதட்சணைக் கொடுமை நடந்ததான்னு பாக்கறதுக்கு. ரெண்டும் அவசியந்தான். ஆனா "எந்த வாசல்ல பிடிச்சிருக்கலாம்?"னு கேக்கறது யார் வேலை? மத்திய அரசு 2022 நவம்பர்ல ஒரு தற்கொலைத் தடுப்புத் திட்டம் போட்டுச்சு. 2030-க்குள்ள 10 சதவீதம் குறைக்கணும்னு இலக்கு. எங்க ஓட்டைன்னு தெரியாம எப்படி அடைக்கறது?

கேட்டா பலன் இருக்குமான்னு நீங்க நினைக்கலாம். இருக்கும். பன்னெண்டாவதுல பெயிலான பிள்ளைங்க ஒரு வருஷம் வீணாப் போச்சேன்னு உசுரை விட்டாங்க. எங்க வலிக்குதுன்னு புரிஞ்சு, உடனே துணைத் தேர்வு வச்சாங்க. இப்ப பெயிலானாலும் அதே வருஷம் காலேஜ் போயிடலாம். இலங்கையில எந்தெந்தப் பூச்சி மருந்தால உசுரு போகுதுன்னு கணக்கெடுத்து, கொடுமையானதை ஒவ்வொண்ணா தடை பண்ணாங்க. 1995-க்குப் பிறகு 20 வருஷத்துல அங்க தற்கொலை பாதிக்கும் கீழ வந்துடுச்சு. விளைச்சலும் குறையல. எங்க கடலூர் மாவட்டத்துலயே காட்டுமன்னார்கோயில் பக்கம், சென்னை சினேகா அமைப்புக்காரங்க மருந்தை வீட்டுல வைக்காம பொது இடத்துல பூட்டுப் பெட்டியில வைக்கற ஏற்பாட்டைச் செஞ்சு பார்த்தாங்க. அதுலயும் பலன் தெரிஞ்சது. மனுஷனுக்கு அந்தக் கெட்ட நேரம் கொஞ்ச நேரந்தான். அதைத் தாண்டிட்டா பொழைச்சுக்குவான்.

அதனால நான் கேக்கறது இது. பிரசவ மரணத்துக்குப் பண்ற மாதிரி இதுக்கும் பண்ணுங்க. போலீஸ் இல்லாம, சுகாதாரத் துறை மூலமா. கருமாதி எல்லாம் முடிஞ்சு, ரெண்டு மூணு மாசம் கழிச்சு, ஊருக்குத் தெரிஞ்ச நர்சம்மா வந்து உட்காரட்டும். சொல்றது வழக்குல சேராது, பேர் வெளிய வராதுன்னு எழுத்துல உறுதி கொடுக்கட்டும். இஷ்டம் இல்லன்னா பேச வேண்டாம். இப்படி நூறு வீட்டுக் கதை ஒரு மாவட்டத்துல சேர்ந்தா, தூக்கம் வரலன்னு வந்தவங்க எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம், கடன் இல்லன்னு சொல்லும்போது வேற வழி சொன்னோமா, எல்லாம் தெரிஞ்சுபோகும். தெரிஞ்சதை அடுத்த மாசமே மாத்தணும். இல்லன்னா அதுவும் ஒரு பாரம்தான், இன்னொரு கையெழுத்துதான்.

உறுதி கொடுக்கலன்னா ஜனங்க வாய் திறக்க மாட்டாங்க. தற்கொலைக்கு முயற்சி பண்றது குத்தம்னு இருந்த பழைய பிரிவு, 2024 ஜூலையில வந்த புதுச் சட்டத்துல இல்ல. ஆனா ஊருக்குள்ள அந்தப் பயமும் வெக்கமும் இன்னும் அப்படியே இருக்கு.

இதை எழுதறதுக்கு முன்னாடி அண்ணி வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் சொன்னேன். அன்னைக்கு அப்படிக் கையெழுத்துப் போட்டது தப்புன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "தப்பு இல்ல தம்பி. அன்னைக்கு அதுதான் எங்களைக் காப்பாத்துச்சு. ஆனா இத்தனை வருஷத்துல, அவர் கடைசியா எப்படி இருந்தார்னு என்னை ஒருத்தர் கூடக் கேக்கல"ன்னாங்க. "எழுது. பேர் மட்டும் போடாத."

அரசாங்கம் வரட்டும், வராமப் போகட்டும். நம்ம கேக்கறதுக்கு யார் உத்தரவும் வேணாம். பட்டணத்துல இருக்கறவங்க ஊர்ல இருக்கற அப்பாகிட்ட போன்ல பேசும்போது மழை பெஞ்சுதா, பயிர் எப்படின்னு கேக்கறீங்க. தூங்கினியாப்பான்னும் ஒரு வார்த்தை கேளுங்க. யாராவது கறக்கிற மாட்டை விக்கப் போனா, விலை பேசறதுக்கு முன்னாடி ஏன்னு கேளுங்க.

இதைப் படிக்கிற உங்களுக்கே மனசு பாரமா இருந்தா 104-க்கோ 14416-க்கோ போன் பண்ணுங்க. காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பாங்க. வெக்கப்படாதீங்க.